தட்டில் ஏறும் தோல் கொழுப்பு

மனிதத் தோலின் மேற்பரப்பில் இறந்த செல்கள் அடுக்காகக் கிடக்கும் கொம்புப் படலத்தில், அச்செல்களுக்கு இடையே சாந்துபோல் நிரம்பி உடலின் நீர் வெளியேறாமல் காக்கும் கொழுப்புகளில், எடையளவில் ஏறத்தாழப் பாதி செராமைடுகள். எஞ்சியவை பெரும்பாலும் கொலஸ்ட்ராலும் தனிக் கொழுப்பு அமிலங்களும் ஆகும். ஒட்டுநாடாவைத் திரும்பத் திரும்ப ஒட்டி உரித்துச் சேர்த்த படலத்தை, 1957இல் ஃபோல்ச் குழுவினர் வகுத்த விகிதப்படி இரு பங்கு குளோரோஃபார்மும் ஒரு பங்கு மெத்தனாலும் கலந்த கரைப்பானில் ஊறவைத்துக் கிடைக்கும் கொழுப்பை, சிலிக்கா பூசிய தட்டின் அடியில் புள்ளியாக இட்டால், மேலேறும் கரைப்பான் ஒவ்வொரு வகையையும் அதன் முனைவுத்தன்மைக்கு ஏற்ப வெவ்வேறு உயரத்தில் விட்டுச் செல்கிறது; மென்படல நிறப்பகுப்பியல் எனப்படுவது இதுவே. பின்னர் தட்டைத் தாமிர சல்ஃபேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் கொண்டு கருக்கி, கருமையின் அடர்த்தியிலிருந்து அளவு கணிக்கப்படுகிறது. முகப்பூச்சுக் குப்பிகளில் பெருமையோடு அச்சாகும் ‘செராமைடு 1’, ‘செராமைடு 3’ என்னும் எண்கள் முதலில் இத்தட்டில் அவை நின்ற வரிசையைக் குறித்தனவே அன்றித் தர வரிசையை அல்ல. மூலக்கூறுகளை அயனியாக்கி நிறையால் பிரித்தறியும் இன்றைய நிறைமாலைமானி நூற்றுக்கணக்கான செராமைடுகளைத் தனித்தனியே காட்டினாலும், எல்லா மூலக்கூறுகளும் ஒரே அளவில் அயனியாவதில்லை என்பதால், அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளை முன்பே மாதிரியில் கலக்காத ஆய்வின் துல்லியம் தோற்றமே. அந்த வகையில், இல்லாத துல்லியத்தைக் காட்டிக்கொள்ளாத பழைய தட்டு நேர்மையானது. கருவி எதுவாயினும், நெற்றியில் எடுத்த மாதிரியில் ஸ்குவாலீன் மிகுந்திருந்தால், அளக்கப்பட்டதில் பெரும்பகுதி படலக் கொழுப்பன்று, எண்ணெய்ச் சுரப்பிகளின் கசிவு.