வந்தவன் அவன்தானா?

தமிழில் சரித்திர நாவல் இன்னமும் அரண்மனை வாசலிலேயே நிற்கிறது. போருக்குப் போனவன் வாகைசூடித் திரும்புவான். உப்பரிகையில் நிற்பவள் குளம்பொலியிலேயே அவனை அடையாளம் கண்டுகொள்வாள். வந்தவன் அவன்தானா என்று அவள் ஒரு நொடி தயங்கினால் கற்புக்குப் பழுது வந்துவிடுமோ என்று நம் எழுத்தாளர்களுக்குப் பயம். முல்லைத் திணை போட்ட தடம் அது. நெய்தலுக்கு வாய்த்ததோ இரங்கல் மட்டும்.

பிரான்சில் அர்த்திகா என்னும் கிராமத்துப் பெர்த்ராந்தின் கதை வேறு. அவள் கணவன் மார்த்தன் கேர் 1548இல் வீட்டைவிட்டுப் போனான். எட்டு வருஷம் கழித்து ஒருவன் வந்து நான்தான் என்றான். ஏற்றுக்கொண்டாள், பிள்ளையும் பெற்றாள். சொத்துத் தகராறு முற்றி மார்த்தனின் சிற்றப்பன் வழக்குக்கு இழுத்தபோது, ஊரில் செருப்புத் தைப்பவர் ஒரு கணக்குச் சொன்னார்: பழைய மார்த்தனின் காலளவு 12, இவனுடையது 9. அப்படியும் 1560இல் துலூஸ் நீதிமன்றம் இவனை விடுவிக்க இருந்தது. அந்த நேரம் பார்த்து, ஸ்பெயின் படையில் சேர்ந்து காலைப் பறிகொடுத்த அசல் மார்த்தன் மரக்கால் ஊன்றி உள்ளே வந்தான். வேடம் போட்ட அர்னோ என்பவனைத் தூக்கில் போட்டார்கள்.

செருப்புத் தைப்பவருக்குத் தெரிந்தது, கூடவே குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் ஏற்றாள் என்று 1983இல் எழுதினார் வரலாற்றாசிரியர் நடாலி ஸீமன் டேவிஸ். மறுத்தவர்களும் உண்டு. நாங்கள் டேவிஸ் கட்சி.

அதே காலத்தில் நம் கரையில் என்ன நடந்தது? 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டது. போர்ச்சுக்கீசியத் தளபதியே சிறைப்பட்டார். அந்தக் கலவரத்தில் காணாமற்போன ஒரு பரதவன், சில வருஷம் கழித்துத் தாமிரபரணி முகத்துவாரத்தில் வந்து இறங்குகிறான் என்று வையுங்கள். இங்கே செருப்புச் சாட்சி செல்லாது, எல்லாரும் வெறுங்கால். ஆனால் வேறொரு சாட்சி இருக்கிறான். முத்துக்குளிப்பில் மூழ்குபவனின் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவன் மச்சினன். அக்காள் தாலி தன் கையில் இருக்கிறதென்று கயிற்றை நழுவவிடமாட்டான். கீழிருந்து மச்சான் கயிற்றைச் சுண்டும் தினுசு அவன் உள்ளங்கைக்குத் தெரியும். முதல் முங்கலிலேயே தெரிந்துவிடும். தெரிந்ததை அக்காளிடம் சொல்வானா? அவள் அதைச் சொல்லவிடுவாளா? 1586இல் அடியார் வரலாற்றைத் தமிழில் அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் இந்த ஊரில் இருந்தவர். பாவசங்கீர்த்தனத்தில் அவர் காதுக்கு மட்டும் அது எட்டியிருக்கலாம்.

இது பழங்கதை இல்லை. ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது நம் சாட்சியச் சட்டம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமோ, எத்தனை வருஷமானாலும் வராமையை மட்டும் வைத்து மறுமணத்துக்கு வழிவிடாது. ஒக்கிப் புயல் அடித்த 2017க்குப் பிறகு குமரிக்கரைப் பெண்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவே நின்றார்கள். எதிர்க்கரை இலங்கையில், காணாமற்போனவர்களுக்காக 2016இல் ஒரு புதுக் காகிதமே வந்தது: காணாமைச் சான்றிதழ். மனைவி என்றும் இல்லை, கைம்பெண் என்றும் இல்லை.

அடுத்த இதழைக் கடற்கரைச் சரித்திரக் கதைகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். மணப்பாட்டிலிருந்தும் வேம்பாற்றிலிருந்தும் எழுதுங்கள். புன்னைக்காயலிலிருந்து அவசியம் எழுதுங்கள். பீரங்கி முழக்கம் குறைவாக இருந்தால் நல்லது. வந்தவன் யார் என்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை மட்டும் முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிடாதீர்கள்.