தேர்க்காலும் ஆராய்ச்சி மணியும்

சில ஆண்டுகளுக்கு முன், வன்னிப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில் நடைபெற்ற தமிழ்த்தின விழாவிலே பேசும்படி என்னை அழைத்திருந்தனர். என்னை ஏற்றிச் செல்ல ஒரு வாகனமும் வந்தது. சாரதி இளைஞர், பணிவுள்ளவர். என்னை முன்னிருக்கையில் இருத்திக் கதவைத் தாமே சாத்திவிட்டுத்தான் தம் இருக்கைக்குச் சென்றார். ஆனையிறவைக் கடந்ததும் அவருடைய கைத்தொலைபேசி ஒலித்தது. ஒரு கையால் வண்டியைச் செலுத்திக்கொண்டு மறு கையில் தொலைபேசியைப் பிடித்துப் பேசலானார். பேச்சு முடிந்த சிறிது நேரத்தில் ஏதோ செய்தி வந்தது. அதனை வாசித்தார், வாசித்ததோடு அமையாது விடையும் எழுதத் தொடங்கினார்.

வீதியோரமாகத் துவிச்சக்கர வண்டியிலே ஒரு பாடசாலைச் சிறுவன் சென்றுகொண்டிருந்தான். அவனுடைய வெள்ளைச் சட்டை என் கண்ணுக்குத் தெரிந்தது. சாரதியின் கண்ணுக்குத் தெரியவில்லை. இறுதிக் கணத்திலே அவர் நிமிர்ந்து வண்டியைத் திருப்பினார். சிறுவன் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தான், எழுந்தான், முழங்காலைத் தடவிக்கொண்டு எங்களைப் பார்த்தான். நாங்கள் நிற்கவில்லை. “பயப்படாதையுங்கோ ஐயா, பழகின றோட்டுத்தானே” என்றார் சாரதி.

யான் ஒன்றும் சொல்லவில்லை. அன்போடு அழைத்தவர் அனுப்பிய வாகனம், மரியாதையாக நடந்துகொண்ட பிள்ளை, விழாவிற்கும் நேரமாகின்றது. இவையெல்லாம் என் வாயைக் கட்டின. அன்று விழா மண்டபத்திலே யான் எடுத்துக்கொண்ட பொருள் மனுநீதிச் சோழன். அவையோர் கைதட்டினர். என் உள்ளமோ அந்த வாய்க்கால் ஓரத்திலேயே நின்றது.

மனுநீதி கண்ட சோழன் வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பிக்கின்றோம். அது ஒரு வீதி விபத்தின் வழக்கு என்பதை யான் அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை. திருவாரூர் வீதியிலே அரசிளங்குமரன் தேரூர்ந்து செல்கின்றான்; ஓர் இளங்கன்று தேர்க்காலில் அகப்பட்டு மடிகின்றது; தாய்ப்பசு அரண்மனை வாயிலிலுள்ள ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது. சிலப்பதிகாரத்திலே கண்ணகி பாண்டியன் அவையில் இதனை எடுத்துரைக்கின்றாள். சேக்கிழார் பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பிலே இதனை விரித்துப் பாடுகின்றார். அமைச்சர்கள் மன்னனை நோக்கி, இதற்கு வேதியர் விதித்த கழுவாய் உண்டு, அதனைச் செய்தால் அமையும் என்கின்றனர். மன்னன் அதனை ஏற்றானல்லன். பிறன் ஒருவன் செய்த கொலைக்கு ஒரு நீதியும், தன் மகன் செய்த கொலைக்கு வேறொரு நீதியும் வழங்க அவன் மனம் ஒருப்படவில்லை.

இவ்வரலாறு நம் நாட்டிற்கு இன்னும் அணுக்கமானது. அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டு ஆட்சி புரிந்த எல்லாளன்மீது மகாவம்சம் இதே செய்தியை ஏற்றிச் சொல்கின்றது. அதனோடு அந்நூல் கூறும் பிறிதொரு செய்தியை நாம் அதிகம் நினைப்பதில்லை. ஒருமுறை எல்லாளன் ஏறிச்சென்ற தேரின் நுகமுனை பட்டு ஒரு பௌத்த தூபி பழுதுற்றது. அறியாமல் நிகழ்ந்ததே. ஆயினும் மன்னன் தேரினின்றும் இறங்கி வீதியிலே கிடந்து, இச்சக்கரத்தாலேயே என் தலையையும் கொய்யுங்கள் என்றானாம். பழுதைத் திருத்துதலே தக்கது என்று அமைச்சர் தடுத்தனர். பெயர்ந்தவை 15 கற்களே. அவற்றை மீண்டும் அமைப்பதற்கு அவன் 15,000 கஹாபணம் செலவிட்டான் என்கின்றது மகாவம்சம்.

அம்மன்னர் தம் மைந்தருக்கு விதித்த கொலைத்தண்டத்தை இன்று எவரும் வேண்டார், யானும் வேண்டேன். யான் கொள்வன மூன்று நீதிகள். குற்றம் நேர்ந்தால் மணி தவறாது ஒலிக்க வேண்டும். பொருள் கொடுத்துக் கழுவிவிடும் வழி இருத்தல் ஆகாது. ஆள்பவனும் அவன் மைந்தனும் அச்சட்டத்துக்குப் புறம்பானவர் அல்லர். வண்டியோட்டிகளைத் தண்டிக்கும் இன்றைய சட்டத்தை இம்மூன்றையும் கொண்டு அளந்து பார்க்கலாம்.

அளப்பதற்குமுன் குற்றம் எதுவெனத் தெளிதல் வேண்டும். வள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரம் வகுத்தார். பொச்சாவாமை எனப் பிறிதோர் அதிகாரமும் வகுத்தார். முன்னையது அறிவை மயக்கும் பொருளை விலக்குவது. பின்னையது அறிவு தெளிவாக இருந்தும் கடமையை மறந்திருக்கும் சோர்வை விலக்குவது. இரண்டையும் ஒன்றாக அவர் குழப்பவில்லை. ஒன்று மற்றதைவிடச் சிறிதென்றும் சொல்லவில்லை. நம்மவரோ குடித்து ஓட்டுபவனைக் குற்றவாளி என்கின்றனர். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுபவனை அலுவல் மிகுந்தவன் என்கின்றனர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். ஒரு செய்தியை வாசிக்க மூன்று செக்கன் கண்ணைத் தாழ்த்தினால் 50 மீற்றர் தூரம் அவ்வண்டி குருடன் கையில் இருந்தது என்பதே பொருள். குடித்தவனுக்குப் பார்வை மங்குகின்றது. இவனுக்கோ அந்நேரத்திற் பார்வையே இல்லை.

இனி நமது சட்டம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மது அருந்திய நிலையில் வண்டி செலுத்துதலைக் குற்றமாக்கியது. 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது வகுக்கப்பட்ட எல்லை. சுவீடனிலும் நோர்வேயிலும் அவ்வெல்லை 20 மில்லிகிராமே. அசட்டையாலோ அவதானமின்மையாலோ ஓர் உயிரைப் போக்கியவனுக்கு, 1883 இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு ஐந்தாண்டுவரை சிறை விதிக்க இடந்தருகின்றது. ஆகவே சட்டம் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. இருந்தும் இந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மடிகின்றனர். அவ்வளவும் குடியாலும் தொலைபேசியாலும் நேர்ந்தன அல்ல. ஆயினும் அவற்றுள் இவ்விரண்டாலும் நேர்ந்தவை தடுத்திருக்கக்கூடியவை.

ஒரே கலியாண வீட்டிலே ஒரே அளவு குடித்த இருவர் தத்தம் வண்டியில் ஏறிப் புறப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் வீடு சேர்ந்து உறங்குகின்றான். மற்றவன் சந்தியிலே ஒரு தாயை மோதிக் கொன்றுவிடுகின்றான். இரண்டாமவனைக் கொலைகாரன் என்று ஊர் தூற்றுகின்றது. முதலாமவனோ மறுநாள் காலையில் நேற்றைய பயணத்தை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிக்கின்றான். இருவரும் தெரிந்து செய்த செயல் ஒன்றே. அத்தாய் அந்நேரம் அச்சந்திக்கு வந்ததும் வராததும் அவர்கள் அறிந்தன அல்ல. உயிரிழந்த குடும்பத்தின் பொருட்டு இரண்டாமவனுக்குத் தண்டம் மிகுதல் நியாயமே. ஆனால், முதலாமவனைத் தப்பவிட்டு இரண்டாமவனுக்காகக் காத்திருக்கும் சட்டம், கன்று மடிந்தபின்பே கண் விழிக்கும் சட்டமாகும். குடித்துவிட்டுச் சாரதி ஆசனத்தில் அமர்ந்த அந்தக் கணமே குற்றம் நிறைவுற்றது. ஓடும் வண்டியிலே தொலைபேசிக்குக் கண்ணைக் கொடுத்த அந்தக் கணமே குற்றம் நிறைவுற்றது. தண்டமும் அங்கேதான் தொடங்குதல் வேண்டும். இதுவே யான் வற்புறுத்த விரும்புவது.

அதற்கு முதலில் மணி ஒலிக்க வேண்டும். பிரித்தானியர் 1967 இல் மூச்சைச் சோதிக்கும் முறையைச் சட்டமாக்கினர். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசெம்பரில் இன்னும் ஒரு படி முன்சென்றது. தள்ளாடி ஓடும் வண்டியை மட்டுமன்றி எந்த வண்டியையும் எந்நேரத்திலும் மறித்துச் சோதிக்கும் அதிகாரத்தைப் பொலிஸாருக்கு வழங்கியது. அதன்பின் அங்கு வீதி மரணங்கள் தெளிவாகக் குறைந்தன. தண்டனை பெரிதென்று மக்கள் அஞ்சியதைவிட, அகப்படுவோம் என்று அஞ்சியதே மிகுதி. நமது வீதியிலும் சோதனை பண்டிகைக் காலத்துக்கு மட்டும் உரியதாக இருத்தல் ஆகாது. தொலைபேசிக்கு மணமில்லை, மூச்சிலே அது தெரியாது. ஆகவே உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்திலே, நீதிமன்றின் கட்டளையோடு, அந்நேரத்துத் தொலைபேசிப் பதிவைப் பார்த்தல் வழக்கமான கடமையாதல் வேண்டும்.

இரண்டாவது, கழுவாயை விலைக்கு வாங்கும் வழி அடைபட வேண்டும். 2016 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலே பாரிய வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்ற முன்மொழிவு வந்தது. தனியார் பஸ் உரிமையாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுடைய முறையீட்டை முற்றாகத் தள்ளிவிட முடியாது. 25,000 ரூபா ஒரு செல்வருக்கு ஓரிரவு விருந்தின் செலவு; முச்சக்கர வண்டிச் சாரதிக்கோ பிள்ளைகளின் உணவு. எண் ஒன்றாயிருப்பதால் நீதி ஒன்றாகிவிடாது. பின்லாந்து நாட்டினர் 1921 முதல் ஒருவருடைய நாள் வருமானத்தை அளவாகக் கொண்டு தண்டம் விதித்து வருகின்றனர். செல்வனுக்கும் வறியனுக்கும் ஒரே வலியை உண்டாக்குவது அம்முறை. அதனோடு சாரதி அனுமதிப்பத்திரத்தையும் சில காலம் நிறுத்திவைத்தல் வேண்டும். மீண்டும் செய்தால் அக்காலம் நீளவேண்டும். பிரித்தானியாவிலே 2017 முதல் கைத்தொலைபேசிக் குற்றத்துக்கு ஆறு குற்றப்புள்ளி. அனுமதிப்பத்திரம் பெற்று ஈராண்டு நிரம்பாதவர் ஆறு புள்ளியோடே அதனை இழந்துவிடுவர். எல்லாளன் கற்களைத் திருத்தியமைத்ததையும் இங்கே நினைத்தல் தகும். தண்டப்பணம் அரசுக்குச் செல்கின்றது. கால் இழந்தவனுக்கும் தந்தையை இழந்த பிள்ளைக்கும் நட்டஈடு வழங்குமாறு கட்டளையிட நீதிமன்றுக்குள்ள அதிகாரம் இவ்வழக்குகளிலே தவறாது பயன்படல் வேண்டும்.

மூன்றாவது நீதி நம்மையே சுடுவது. யப்பானியர் 2007 இல் தம் சட்டத்தைத் திருத்தி, குடித்தவனோடு கூட, அவனுக்கு வண்டி கொடுத்தவனையும், வண்டியோட்டப் போகின்றான் என்று அறிந்தே மது கொடுத்தவனையும், அறிந்தும் அவ்வண்டியில் ஏறிச்சென்றவனையும் குற்றவாளிகளாக்கினர். அச்சட்டம் நம் வீதிக்கு வருமாயின் எத்தனை கலியாண வீட்டுக்காரர், எத்தனை முதலாளிகள், முன்னிருக்கையில் வாய்மூடியிருந்த எத்தனை பண்டிதர்கள் கூண்டிலே நிற்க நேரும்!

வயிற்றுப் பிழைப்பை மறிக்கலாமா என்று சிலர் கேட்பர். வண்டியோட்டும் தொழிலையே பிழைப்பாகக் கொண்டவனிடம் நாற்பது ஐம்பது உயிர்கள் நாள்தோறும் ஒப்படைக்கப்படுகின்றன. அவனுக்கு விழிப்பு மற்றவரினும் மிகுதியாக வேண்டுமேயன்றிக் குறைதல் ஆகாது. முதல் முறை பிழைத்தவனுக்குத் தண்டத்தின் காலம் குறுகியதாகவும், மீண்டும் பயின்று வர வழி திறந்ததாகவும் இருக்கட்டும். தூக்கும் ஆயுட்சிறையும் வேண்டுமென்று வேறு சிலர் முழங்குவர். வெருவந்த செய்யாமை என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஓங்கும்போது கடுமையும் விழும்போது அளவும் வேண்டுமென்று அரசனுக்கு அறிவுறுத்தினார். கடுந்தண்டம் எப்போதோ ஒருவன்மீது விழுகின்றது. அளவான தண்டம் தவறாமல் விழுமானால் ஊரே திருந்தும்.

சட்டம் திருந்தும்வரை ஆசிரியர்களாகிய நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. மனுநீதிச் சோழனைக் கற்பிக்கும்போது தேர்க்காலின் கீழ்ப்பட்ட கன்றையும் மாணவருக்குக் காட்டுவோம். அவர்களுட் பலர் விரைவில் மோட்டார் சைக்கிளில் ஏறுவோர்; சிலர் சாரதிகளாவோர். அந்த விழாவுக்குப் பின் யான் ஒரு வழக்கத்தை மேற்கொண்டுள்ளேன். சாரதியின் கையிலே தொலைபேசியைக் கண்டால், “தம்பி, ஓரமாய் நிப்பாட்டிப்போட்டுக் கதையும், நான் இருக்கிறன்” என்று சொல்லிவிடுகின்றேன். சிலர் முகம் சுளிப்பர், பலர் நிறுத்துவர். அன்று அச்சிறுவன் எழுந்து நின்றது அவனுடைய நல்லூழ். என் மௌனத்துக்கு அதிலே யாதொரு பங்கும் இல்லை.