அப்டேட் ஆன பிறகு அணையும் மடிக்கணினிகள்: நுகர்வோர் நலத்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய நுகர்வோர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

திருநெல்வேலியில் மடிக்கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு அண்ணாச்சி. அப்டேட் ஆச்சு, அதிலேருந்து தானா ஆஃப் ஆகுது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு, ஆடிட்டர் ஆபீஸ்காரர்களும் உண்டு. ஸ்குரூடிரைவரோடு தீர வேண்டிய இந்தப் புகாரை உங்கள் மேசைக்குக் கொண்டுவரக் காரணம் இருக்கிறது.

அப்டேட்டின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பாதி நேரம் காரணம் ஃபேனில் அடைந்த தூசியும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும்தான். அப்டேட் முடிந்த பிறகும் பின்னணியில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். பிராசசர் சூடாகி 100 டிகிரியைத் தொட்டுத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ளச் சட்டென்று அணைந்துவிடும். பழைய பேட்டரியும் அப்படித்தான். திரையில் 40 சதவீதம் காட்டும், சுமை ஏறியதும் வோல்டேஜ் இறங்கி உயிர் போய்விடும். இரண்டிலும் கோளாறு முன்பே இருந்தது; அப்டேட் அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

இதைப் பிரித்தறிய வழி உண்டு. விண்டோஸுக்குள் போகவிடாமல், மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் திரையிலேயே அதை விட்டுவைப்போம். அங்கும் அணைந்தால் விண்டோஸ் குற்றவாளி இல்லை. பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி ஓட்டியும் பார்ப்போம். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு புரோகிராமோ ஆளோ முறைப்படி அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கெர்னல்-பவர் 41 என்றிருந்தால் முறைப்படி அணையாமல் நின்றுபோயிருக்கிறது. ஏன் என்று மட்டும் அந்த எண் சொல்லாது. இவ்வளவும் பார்க்காமல் "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்று சொல்கிற கடைகள் எங்கள் தொழிலிலும் இருக்கின்றன. தூசி படிந்த ஃபேனை ஃபார்மட் சுத்தம் செய்யாது, குழந்தையின் போட்டோக்களைத்தான் அழிக்கும்.

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சுகிறவைதான் உங்களுக்கு உரியவை. மெஷின் சுத்தம், பேட்டரி நன்று, அப்டேட்தான் கெடுத்திருக்கிறது. அது விண்டோஸ் அப்டேட் என்றால் பெரும்பாலும் நீக்கிவிடலாம். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் வழக்கமாக 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். பயாஸ் அப்டேட் அப்படியல்ல. விண்டோஸ் அப்டேட்டோடு ஒட்டிக்கொண்டு அதுவும் வந்து இறங்கிவிடுகிறது. ஃபேன் எப்போது சுழல வேண்டும், பிராசசர் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதையெல்லாம் மாற்றக்கூடியது அது. பல மாடல்களில் பழைய பயாஸை மறுபடி ஏற்ற விடுவதே இல்லை. பழையதில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்பார்கள். அது நியாயமான காரணம்தான். ஆனால் புதியதே கோளாறாக இருந்தால் வாங்கியவர் எங்கே போவது? வாரன்டி முடிந்திருந்தால் அவருக்குக் கிடைக்கும் பதில் மதர்போர்டு மாற்றுவதற்கான எஸ்டிமேட்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம்கூட இல்லை. ஆனால் குறை இருக்கிறது என்று காட்ட வேண்டியவர் புகார் கொடுத்தவர். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் அங்கே போய்ச் சேர்வது அப்டேட்டுக்குப் பிந்தைய மெஷின். அதற்கு முன் அது எப்படி ஓடியது என்பதற்கான தடயத்தை அந்த அப்டேட்டே அழித்து, மேலே எழுதிவிட்டது. விற்று முடித்த பொருளைக் கம்பெனி அதற்குப் பிறகும் தொட்டு மாற்றலாம். மாற்றியதைக் காட்டும் பொறுப்பு மட்டும் வாங்கியவர் தலையில்.

அப்டேட்டுக்குக் கம்பெனியைப் பொறுப்பாக்கியதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. தேய்ந்த பேட்டரியால் ஐபோன்கள் திடீரென்று அணைவதைத் தடுக்க, ஆப்பிள் 2017 தொடக்கத்தில் ஓர் அப்டேட் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்தது. அதை வெளிப்படையாகச் சொன்னது அந்த ஆண்டு டிசம்பரில்தான். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், வேறோர் அப்டேட்டுக்காகச் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. போதுமான தகவல் தரவில்லை, பழைய நிலைக்குத் திரும்ப வழி விடவில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட குற்றம். வாடிக்கையாளர்களிடம் சொல்லாமல் விட்டதற்காக 2020-இல் பிரான்ஸ் ஆப்பிளுக்கு விதித்த அபராதம் இரண்டரைக் கோடி யூரோ.

உங்கள் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தது, அதே ஆண்டு இணையதளமும் திறந்தது. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய வேறொரு குழுவின் அறிக்கையும் 2025 மே மாதம் உங்கள் துறையிடம் வந்துவிட்டது. அதில் மென்பொருள் அப்டேட்டும் ஓர் அளவுகோல் என்பது எனக்கு மகிழ்ச்சி. எத்தனை ஆண்டு அப்டேட் தருகிறார்கள் என்பதோடு அந்த மதிப்பெண் நின்றுவிடக் கூடாது. திரும்பிப் போக வழி விடாத கம்பெனிக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். பயாஸ் அப்டேட்டைத் தனியாகக் காட்டி, என்ன மாறுகிறது என்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சொல்லி, சம்மதம் கேட்ட பிறகே ஏற்ற வேண்டும். பாதுகாப்பைச் சொல்லிப் பழைய பயாஸைத் தடுத்தால், புதியதால் வரும் கோளாறை வாரன்டி முடிந்த பிறகும் இலவசமாகச் சரிசெய்வது அந்தக் கம்பெனியின் கடமையாக வேண்டும். முன்பிருந்த பயாஸ் பதிப்பின் எண்ணும் மாறிய தேதியும் மெஷினிலேயே பதிவாகி இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி.

இன்னொன்று, இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. 1915 உதவி எண்ணில் பதிவாகும் புகார்களில் "அப்டேட்டுக்குப் பின் வந்த கோளாறு" என்று தனி வகை வைத்து, மாடலையும் பதிப்பையும் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் மேசையில் இருப்பது ஒரே ஒரு மெஷின். அதை வைத்துக்கொண்டு என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. அதே மாடல் அதே வாரம் சேலத்திலும் நாக்பூரிலும் கவுகாத்தியிலும் அணைகிறதா என்று பார்க்க உங்களால் முடியும்.

இப்படிக்கு,
மடிக்கணினி சர்வீஸ் கடைக்காரர்,
திருநெல்வேலி