தரிசு என்பதொரு சொல்

கொசு மொய்த்த சதுப்பில் தொழில்நகரம் எழுந்ததென்று கொல்கத்தாவின் சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரை நம்மவர் புகழ்வர். 1962-இல் விதான் சந்திர ராய் காலத்தில் ஹூக்ளியின் வண்டலைக் குழாயில் பாய்ச்சி மேடாக்கத் தொடங்கினர்; அருஞ்செயலே. ஆயினும் அது பாழ்நிலமன்று. அங்குப் பேரிகளில் மீன் வளர்த்துப் பிழைத்தோர் இருந்தனர். கோப்பில் 'தரிசு' என்றெழுதினால் குடியிருப்போரும் மறைவர். கோப்பெழுதியே பிழைக்கும் நான் இதனை நன்கறிவேன்.

கிழக்கே எஞ்சிய நீர்நிலைகளில் நகரின் கழிவுநீரை வெயிலும் பாசியும் இன்றும் கூலியின்றித் தூய்மையாக்குகின்றன. அதுவே மீனுக்கும் இரையாகிறது. துருவஜோதி கோஷ் என்னும் பொறியாளர் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார். 2002-இல் 12,500 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் ஏறிற்று. ஏறியும் என்ன? தூர்ப்பது நிற்கவில்லை, அதனையும் வளர்ச்சி என்கிறோம். மீன் தொடாத நம் வீடுகளிலும் தாப்பாக் காய்கறி வேகிறது. அது விளைவதும் அக்கழிவுநீரில்தான்.