நட்டஈடும் நாட்கணக்கும்

வாழ்த்துரைகளும் நினைவுரைகளும் நிறைந்த விழா மலரிலே, விபத்தையும் நட்டஈட்டையும் பற்றி நாம் எழுதப் புகுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். நம் கல்லூரியின் வாங்குகளில் அமர்ந்து கற்ற பிள்ளைகளுள் எத்தனையோ பேர் கொழுந்து பறித்த கைகளால் வளர்க்கப்பட்டவர். அக்கைகளுக்கு ஊறு நேர்ந்தால் அதனை ஈடுசெய்யும் வழி யாது என்பது நமக்குப் புறம்பான பொருளன்று.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைகள் அதற்கு முன்னரே மூடப்பட்டிருந்தன. பஸ் வண்டிகளும் புகைவண்டிகளும் நின்றன. ஆயினும் தேயிலை மலைகளில் வேலை நிற்கவில்லை. ஆசிரியராகிய நாம் வீட்டிலிருந்தபடியே சம்பளம் பெற்றோம். நம் மாணவரின் தாய்மாரோ முகக்கவசம் அணிந்து மலையேறினர். நாட்டுக்கு வருவாய் வேண்டும் என்பது காரணம். அதனை நாம் குறைகூறோம். நாம் கேட்பது ஒன்றே: வேலைக்குச் செல்லும் வழியைத் திறந்துவைத்தவர்கள், வேலையிற் காயமுற்றோர் ஈடு கேட்கச் செல்லும் வழியையும் திறந்துவைத்திருக்க வேண்டாமா?

சட்டம் இல்லாமலில்லை. 1918இல் இன்ஃபுளுவென்சாக் காய்ச்சல் இத்தீவைத் தாக்கிய காலத்தில் தோட்டத் தொழிலாளிக்கு இத்தகைய சட்டப் பாதுகாப்பு எதுவும் இருந்ததில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அக்குறையைப் போக்கிற்று. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால், தொழில்கொள்வோர் ஈடு செலுத்தவேண்டும். அவர் கவனக்குறைவாக இருந்தார் எனத் தொழிலாளி நிறுவவேண்டுவதில்லை. இதுவே அச்சட்டத்தின் உயிர்நாடி. குளவிக்கொட்டும், சரிவில் வழுக்கி விழுதலும், ஆலை இயந்திரத்தில் விரல் அகப்படுதலும் இதனுள் அடங்கத்தக்கன. ஈட்டின் உச்சவரம்பு 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐந்தரை இலட்சம் ரூபாவாயிற்று; 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இருபது இலட்சமாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அவ்வாண்டில் உள்ளடக்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும் பயன் என்ன? சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்பார்கள். இங்கே பூசாரி மனிதனல்லன், காகிதமும் காலக்கெடுவுமே.

பசறை வழியிலுள்ள ஒரு தோட்டத்தில், 2020 ஏப்ரலில், நம் மாணவன் ஒருவனின் தாயார் குளவிக்கு அஞ்சி ஓடிக் கானுக்குள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்டு அனுப்பினார்கள். எலும்பு கோணலாகக் கூடிற்று. பழையபடி கொழுந்தெடுக்கக் கை இடங்கொடுக்கவில்லை. ஈராண்டுக்குமேற் கழிந்தபின், வைத்தியசாலைத் துண்டொன்றைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். “ரோடு தெறந்தாப் போகலாமுன்னு இருந்தேன் மாஸ்டர், தெறந்தப்போ எங்க போறதுன்னு தெரியல்ல” என்றார். விபத்து நேர்ந்த நாளை எழுத்தில் எவரும் பதிந்திருக்கவில்லை. தாமதத்துக்குக் காரணங்காட்டி மனு எழுதலாம் என்றோம். “அதுக்கும் கொழும்புக்குப் போவணுமா?” என்று கேட்டவர் பின்னர் வரவேயில்லை. விபத்து நடந்த வாரத்திலேயே நாம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாம். அவன் நம் வகுப்பு மாணவன். நாம் விசாரிக்கவில்லை. அக்குறை நம்முடையதே.

காலக்கெடு என்பது வேண்டாத ஒன்றன்று. சாட்சியம் மங்குமுன் வழக்குத் தீரவேண்டும். கவனக்குறைவைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்போருக்கும், 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் ஈராண்டு எல்லையே வகுத்துள்ளது. ஆனால் அரசே வீதியை மூடியிருக்கும் நாட்களையும் தொழிலாளியின் கணக்கிற் பற்றெழுதுவது நீதியாகுமா?

அயல்நாடாகிய இந்தியாவின் உயர்நீதிமன்றம் 2020 மார்ச்சு 23ஆந் திகதி, எவரும் மனுச் செய்யாமலே, தானாக இதனைக் கவனத்திற் கொண்டது. முடிவில் 2020 மார்ச்சு 15 முதல் 2022 பெப்ரவரி 28 வரையுள்ள நாட்கள் வழக்குத் தொடுக்கும் கால எல்லையிற் கணக்கிடப்படா எனக் கட்டளையிட்டது. நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கொவிட் சூழலால் உரிய காலத்துள் செய்யவியலாது போனவற்றுக்கு நிவாரணம் அளித்தது. நன்றே. ஆனால் நோயின் பெயரையே தாங்கிய அது ஒரு தற்காலிகச் சட்டம். மேலும், நிவாரணம் கேட்டுப் பெறவேண்டியது; கேட்கத் தெரிந்தவனுக்கே கிட்டுவது. லயன் காம்பிராவில் இருப்பவருக்குச் சட்டத்தரணி ஏது?

நாட்களைக் கழித்தாற் காரியம் முடிந்துவிடாது என்பாரும் உளர். நோயே வேலைத்தலத்தில் தொற்றியிருந்தால் என் செய்வது என அவர் வினவுவர். ஜெர்மனியில் வைத்தியத் துறையினர்க்கு வேலையால் வந்த கொவிட், தொழில்சார் நோயாகக் கொள்ளப்பட்டது. நம் மலையிலோ, ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழுமிடத்தில், தொற்று பிரட்டுக்களத்தில் வந்ததா, லயத்தில் வந்ததா என நிறுவுதல் அரிது. ஆதலின் அவ்வினாவை அறிஞர்க்கு விட்டு, ஐயத்துக்கிடமில்லாத கைமுறிவையும் குளவிக்கொட்டையுமாவது முதலிற் காப்போம்.

இது கழிந்துபோன கதையுமன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வீசியபோது பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து பாதைகள் துண்டிக்கப்பட்டதைக் கண்டோம். நோயாலும் வழி அடைபடும், மழையாலும் அடைபடும்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, அரசு வீதியை மூடும் நாட்களும் பேரிடரால் வழி துண்டிக்கப்படும் நாட்களும், எவரும் விண்ணப்பியாமலே, கால எல்லையினின்றும் தாமாகக் கழியுமாறு நிலையான சட்டம் வேண்டும். இரண்டாவது, விபத்து நேர்ந்த அன்றே தோட்டத்தில் அதனைத் தமிழில் பதிந்து, ஒரு பிரதியைக் காயமுற்றவர் கையிற் கொடுத்தல் வேண்டும். மூன்றாவது நம்மைச் சார்ந்தது. பழைய மாணவருள் சட்டத்தரணிகள் உளர், எழுதுவினைஞர் உளர், தோட்ட உத்தியோகத்தரும் உளர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்லூரி மண்டபத்தில் அமர்ந்து, வருவோர்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால் என்ன? மேல்வகுப்பு மாணவர் உடனிருந்து எழுதிப் பழகட்டும். திகதி, இடம், கண்டவர் பெயர், காயத்தின் தன்மை ஆகிய நான்கையும் பிழையின்றி எழுதுதலும் தமிழ்க் கல்வியே.

ஆசிரியராகிய நமக்குச் சம்பளத்திற் கழிக்கப்படும் அக்ரஹார காப்புறுதி உண்டு. அத்தாயாருக்கு இருந்ததோ ஒரு வைத்தியசாலைத் துண்டு மாத்திரமே. அடுத்த முறை அப்படியொருவர் நம் வாயிலுக்கு வருமுன், நாம் அவர் வாசலுக்குச் செல்வோமாக.