நான்காம் வரிசையில் மூத்த வீரர்

அனுபவத்திற்கு முதலிடமா, தேகபலத்திற்கு முதலிடமா என்னும் வினா விளையாட்டுலகில் என்றும் உள்ளதே. ஆயினும், வட அமெரிக்காவில் ஆடப்பெறும் பனிக்கட்டி ஹாக்கியின் பிளேஆஃப் என்னும் சுற்றுப் போட்டிகளில் அவ்வினா தனியொரு கூர்மை பெறுகின்றது. பல பருவங்கள் ஆடித் தேர்ந்தவர். கோல் அடிப்பதில் பெயர் பெற்றவர். ஆனால் அடிக்கடி காயமுற்று, மாதக்கணக்கில் ஆட்டத்தை விட்டு விலகியிருப்பவர். அத்தகைய முன்னாட்டக்காரர் ஒருவரை ஆண்டின் மிகக் கடுமையான நாள்களில் கோஷ்டியில் சேர்க்கலாமா? சேர்த்தால் எவ்விடத்தில் நிறுத்தலாம்? இதுபற்றி எமக்குத் தோன்றியவற்றை ஈண்டுச் சில சொற்களால் கூற விழைகின்றோம்.

நாம் திடலில் ஆடும் ஹாக்கியினின்றும் இது பெரிதும் வேறானது. உறைந்த பனித்தளத்தின்மேல் சறுக்குக் காலணி அணிந்து, பந்திற்குப் பதிலாகப் பக் என்னும் ரப்பர் வட்டினை மட்டையால் அடித்து ஆடுவர். ஒரு நேரத்தில் களத்தில் நிற்போர் கோல்காவலரோடு அறுவரே. பக்கை வைத்திருக்கும் எதிரியைத் தோளாலும் உடலாலும் மோதித் தடுத்தல் இவ்வாட்டத்தில் விதிக்கு உட்பட்டதேயாம். அவ்வேகத்தில் ஒருவர் ஒரு நிமிடத்திற்கு மேல் தொடர்ந்து ஆடுதல் அரிது. ஆதலின் முக்கால் நிமிடம் அளவு ஆடிய பின் அவர் வெளியேற, வேறொருவர் உட்புகுவார். தேசிய ஹாக்கி லீக்கில் ஓர் ஆட்டத்திற்கு ஒரு கோஷ்டியில் ஆயத்தமாகி வருவோர் 2 கோல்காவலரும் 18 ஆட்டக்காரருமாவர். அப்பதினெண்மருள் வழக்கமாக 12 பேர் முன்னாட்டக்காரர். அவர்கள் மும்மூவராக நான்கு வரிசைகளாய்ப் பிரிந்து மாறிமாறிக் களம் இறங்குவர். 60 நிமிட ஆட்டத்தில் முதல் வரிசையார் 20 நிமிடம் அளவு ஆடுவர். நான்காம் வரிசையார்க்குக் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதியே, சில நாளில் அதினும் குறைவே.

பருவ ஆட்டங்கள் முடிந்தபின் 16 கோஷ்டிகள் ஸ்டான்லி கிண்ணத்திற்காகப் போட்டியிடும். ஒவ்வொரு சுற்றிலும் 7 ஆட்டங்களுள் முதலில் 4 வென்ற கோஷ்டியே மேற்செல்லும். இவ்வாறு நான்கு சுற்றுகள், 16 வெற்றிகள், 28 ஆட்டங்கள் வரை நேரவும் கூடும். 60 நிமிடத்தில் இரு சாராரும் சமமாயின், ஒரு கோல் விழுமளவும் 20 நிமிடப் பகுதிகளாக ஆட்டம் நீளும். இரண்டு மாதம் போல நடக்கும் இப்போரில் முதல் வரிசையாரையே நம்பியிருக்கும் கோஷ்டி இடைவழியில் களைத்து வீழ்வது திண்ணம். போரில் சேமப்படை எத்துணை வேண்டற்பாலதோ, இங்கு மூன்றாம் நான்காம் வரிசைகளும் அத்துணை வேண்டற்பாலன. காயத்திற்கு இலக்கான மூத்த வீரரைப் பற்றிய வினா இவ்விடத்தில்தான் எழுகின்றது.

இதில் இரு கட்சியினர் உளர். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பர் ஒரு சாரார். நேர்த்தியான கையும், நெருக்கடியில் கலங்காத நெஞ்சும் உடையவர் பாதி பலத்தோடு வரினும் இளைஞர் பலரினும் மேலானவர் என்பது அவர் கொள்கை. மறு சாராரோ, அவர் முதலாட்டத்திலேயே மீண்டும் காயமுற்று வெளியேறினால், எஞ்சியோர் அந்த ஆட்டம் முழுவதும் ஒருவர் குறைவாய் உழைக்க நேருமே என்று அஞ்சுவர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எம் கருத்து யாதெனில், அத்தகைய வீரருக்கு இடம் தரலாம். ஆனால் அவ்விடம் கடைசி வரிசையில், சேமப்படையின் இடமாக இருத்தல் வேண்டும் என்பதே. இதற்கு மூன்று நிபந்தனைகளும் உண்டு. அவர் ஆடத் தக்கவர் என்பதை வைத்தியர் துணிதல் வேண்டும். பழைய புகழை நோக்கியன்றி இன்றைய நிலையை நோக்கியே அவருக்குரிய நேரத்தை அளத்தல் வேண்டும். அவர் பொருட்டு வெளியே அமர்த்தப்படும் இளைஞனுக்கு அநீதி நேராதிருத்தல் வேண்டும்.

இதனை விளக்கச் சிமோன் கான்யே என்பவரின் வரலாறு மிகவும் பொருந்தும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1980-ஆம் ஆண்டு பிறந்த இவர், 1999-2000 பருவத்தில் பிலடெல்பியா பிளையர்ஸ் கோஷ்டியில் ஆடத் தொடங்கினார். 2002-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கனடா கோஷ்டியிலும் இருந்தார். 2005-06 பருவத்தில் 47 கோல்கள் அடித்தார். அதன்பின் காயங்கள் அவரைத் தொடர்ந்தன; 2007-08 பருவத்தில் மூளையதிர்ச்சியால் 25 ஆட்டங்களோடு நிற்க வேண்டியதாயிற்று.

2010-ஆம் ஆண்டுச் சுற்றுப் போட்டிகளின் முதற்சுற்றில் அவருக்குக் காலில் எலும்பு முறிந்தது. இரண்டாம் சுற்றில் பிளையர்ஸ் பாஸ்டன் புரூயின்ஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று நின்ற வேளையில் அவர் திரும்பினார். நான்காம் ஆட்டம் சமமாகி நீள, வெற்றிக் கோலை அடித்தவர் அவரே. பிறகு ஏழாம் ஆட்டத்திலும் பிளையர்ஸ் 0-3 எனப் பின்தங்கி, 4-3 என வென்றது. அந்நான்காம் கோலும் கான்யே அடித்ததே. 0-3 என்னும் நிலையிலிருந்து ஒரு தொடரை மீட்ட மூன்றாவது கோஷ்டி என்னும் பெயர் அவ்வாண்டு பிளையர்ஸுக்கு உண்டாயிற்று. யானை, குதிரை என்று பேசுவோர் எடுத்துக்காட்டும் வரலாறு இதுவே.

ஆயினும் நாம் கற்க வேண்டிய பாடம் இரண்டாண்டு கழித்தே வந்தது. 2011-12 பருவத்தில் கான்யே லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் கோஷ்டியில் இருந்தார். டிசம்பர் இறுதியில் மீண்டும் மூளையதிர்ச்சி. 34 ஆட்டங்களோடு அவர் பருவம் முடிந்தது. மேற்குப் பிரிவில் எட்டாம் இடத்தோடு உள்ளே நுழைந்த கிங்ஸ், முதல் மூன்று சுற்றுகளையும் அவரின்றியே வென்றது. நியூ ஜெர்சி டெவில்ஸுடன் நிகழ்ந்த இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், ஜூன் 4-ஆம் நாள், அவரை நான்காம் வரிசையில் இறக்கினர். காயமுற்று ஐந்து மாதங்கள் கழிந்திருந்தன. கிடைத்த நேரமும் சிறிதே. நான்கு ஆட்டங்களில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. பிறர் அடித்த கோலுக்குத் துணை நின்றதாகவும் கணக்கில் ஏறவில்லை. அந்நான்கினுள் கிங்ஸ் இரண்டை வென்று இரண்டைத் தோற்றது. ஜூன் 11-ஆம் நாள் ஆறாம் ஆட்டத்தை 6-1 என வென்று கிண்ணம் கொண்டது.

இங்கு ஒரு தடை எழும். ஒன்றும் அடியாதவரால் விளைந்த பயன் யாது? இறுதித் தொடரில் ஓர் ஆட்டமேனும் ஆடியவருக்கோ, பருவ ஆட்டங்களில் பாதி ஆடியவருக்கோதான் கிண்ணத்தில் பெயர் பொறிக்கும் உரிமை விதிப்படி உண்டு. 34 ஆட்டமே ஆடிய கான்யேவிற்கு அவ்வுரிமை அந்த நான்கு ஆட்டங்களாலேயே வாய்த்தது. ஆதலின் இது தேவையால் நிகழ்ந்ததன்று, மூத்தவருக்குக் காட்டிய தயவே என்று கூறுவாரும் இருக்கலாம்.

இதற்கு எம் விடை இதுவே. கிங்ஸ் கோஷ்டி அவராலேயே வென்றது என்று கூறுதல் உண்மையாகாது. ஆனால் சேமப்படையைக் கோலால் அளப்பதும் முறையன்று. நான்காம் வரிசையாரின் கடமை, தம் முக்கால் நிமிடத்தில் கோல் வாங்காமல் காத்து, பக்கை எதிரியின் எல்லைக்குத் தள்ளி, முதல் வரிசையார் மூச்சு வாங்க அவகாசம் தருவதே. அக்கடமைக்குக் காற்றென விரையும் கால்கள் வேண்டுவதின்று. எங்கு நிற்க வேண்டும், எப்பொழுது வெளியேற வேண்டும் என்னும் அறிவே பெரிதும் வேண்டும். அவ்வறிவு பிராயத்தால் குறைவதில்லை. மூத்த வீரரின் பலவீனம் அங்குச் சிறிதே தோன்றும். அவர் பலமோ முழுவதும் பயன்படும். மீண்டும் அவர் காயமுற்றாலும், கோஷ்டி இழப்பது பத்து நிமிடத்திற்குட்பட்ட உழைப்பேயன்றி இருபது நிமிட உழைப்பன்று. தயவு என்னும் குற்றச்சாட்டும் இதனால் வலியிழக்கின்றது. தயவினால் தரும் இடமாயின் அது முதல் வரிசையில் தரப்பட்டிருக்கும்.

வைத்தியர் துணிதல் வேண்டும் என்றது ஏன் என்பதற்கு எரிக் லிண்ட்ரோஸின் கதையே சான்று. கான்யே முதலாண்டு ஆடிய அதே பிளையர்ஸ் கோஷ்டியில் லிண்ட்ரோஸ் தலைசிறந்த முன்னாட்டக்காரர். மூளையதிர்ச்சிகளால் 2000-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ஆடாதிருந்தவர், கீழ்த்திசைப் பிரிவின் இறுதித் தொடரில் ஆறாம் ஆட்டத்திற்குத் திரும்பினார். மே 26-ஆம் நாள் ஏழாம் ஆட்டத்தில் நியூ ஜெர்சியின் ஸ்காட் ஸ்டீவன்ஸ் தோளால் மோத, அவர் பனித்தளத்தில் வீழ்ந்தார். அத்தொடரையும் அவர் கோஷ்டி இழந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அதற்குக் கோஷ்டியாருடன் விளைந்த பிணக்கும் ஒரு காரணமேயாயினும், அம்மோதலின் கொடுமை அதனால் குறைந்துவிடாது.

இதனோடு டெட்ராய்ட் ரெட் விங்ஸ் தலைவர் ஸ்டீவ் ஐசர்மனை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2002-ஆம் ஆண்டு அவர் பழுதுபட்ட முழங்காலோடு 23 ஆட்டங்களும் ஆடிக் கிண்ணம் வென்றார். பின்பு எலும்பை வெட்டித் திருத்தும் பெருஞ்சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். அவர் கொடுத்த விலை பெரிது. ஆயினும், முழங்காலின் நோவைத் தாங்குவதா என்று எண்ணிப் பார்க்கும் மனம் அவரிடம் தெளிவாகவே இருந்தது. மூளையதிர்ச்சி அத்தகையதன்று. எந்த அறிவினால் ஒருவர் தம் நலத்தை நிறுத்துப் பார்க்க வேண்டுமோ, அவ்வறிவின் இருப்பிடமே அதில் புண்பட்டிருக்கின்றது. அவ்வீரர், நான் நலமே, இறக்குங்கள் என்று மன்றாடினும், அச்சொல்லைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. பயிற்சியாளரும் தீர்ப்பளிக்கத் தக்கவரல்லர். அவருக்கு வெற்றியின்மேல் கண். இவ்வுண்மையை லீக்கும் மெல்லவே உணர்ந்தது. பக்கவாட்டிலிருந்து வந்து தலையைக் குறிவைத்து மோதுதலை 48-ஆம் விதி 2010-இல் தடுத்தது. மூளையதிர்ச்சி ஐயமுள்ளவரைத் தனியறையில் வைத்தியர் பரிசோதித்த பின்னரே ஆட விடுக என்னும் முறை 2011-இல் வந்தது.

இன்றைய நிலையை அளந்தறிய ஒரு வழியும் உண்டு. கொலராடோ அவலாஞ்ச் தலைவர் கேப்ரியல் லேண்டஸ்காக், 2022-இல் கிண்ணம் வென்றபின் முழங்கால் நோயால் ஏறக்குறைய மூன்றாண்டு ஆடவில்லை. 2025 ஏப்ரலில் அவரை நேரே பெருங்களத்தில் இறக்காமல், முதலில் கீழ்நிலை லீக்கில் 2 ஆட்டங்கள் ஆட விட்டனர். பின்னரே டல்லஸ் ஸ்டார்ஸுக்கு எதிரான தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் இறக்கினர். தலைவரேயாயினும் பழைய பாரம் முழுவதையும் அன்றே அவர்மேல் ஏற்றவில்லை. நான்காம் ஆட்டத்தில் அவர் ஒரு கோல் அடித்தார். ஏழு ஆட்டங்களில் அத்தொடரை அவலாஞ்ச் தோற்றது. தோற்றதனால் அம்முறை தவறாகிவிடாது. ஆழம் அறிந்தே காலை விட்டார்கள்.

இறுதியாக, வெளியே அமரும் இளைஞனைப் பற்றி ஒரு சொல். மூத்தவர் ஒருவர் உள்ளே வர, பருவம் முழுவதும் உழைத்த ஒருவன் மேலாடையோடு பார்வையாளர் இருக்கைக்குச் செல்கின்றான். வந்தவர் அன்றைய ஆட்டத்திற்கு அவனினும் தகுதியுடையவர் என்று பயிற்சியாளர் அவன் முகத்தை நோக்கிக் கூற இயலுமாயின், அதில் அநீதி இல்லை. கூற இயலாதாயின், அம்மாற்றம் பெயருக்குச் செய்த வணக்கமேயன்றி வேறன்று. அது கோஷ்டியின் ஒற்றுமையைக் கெடுக்கும். சம்பள உச்சவரம்பு சுற்றுப் போட்டிகளில் ஆடுவோருக்கும் 2025-26 பருவம் முதல் பொருந்துமாறு விதி வந்துள்ளது. அதனால் பெருஞ்சம்பளம் பெறும் மூத்தவரை வெறும் பெயருக்காக உள்ளே நிறுத்துதல் பொருளாலும் நட்டமாகும்.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் நாளை கோஷ்டித் தலைவர்களாகவும், பள்ளிகளில் விளையாட்டாசிரியர்களாகவும் அமர்வீர்கள். பனித்தளத்தை நீங்கள் காணாதிருக்கலாம். நொண்டிக்கொண்டே வந்து, இன்று ஒருநாள் மட்டும் இறக்குங்கள் என்று கேட்கும் மூத்த வீரரை எவ்விளையாட்டிலும் காண்பீர்கள். அவரை முற்றும் தள்ளுதல் நன்றியின்மை; அவர் கேட்டதை எல்லாம் தருதல் அன்பின்மை. அவர் தேகம் தாங்கும் அளவை வைத்தியரிடம் கேட்டறிந்து, அவ்வளவிற்கேற்ற சிறிய இடத்தை அவருக்குத் தருக. அச்சிறிய இடத்தை இழிவெனக் கருதாமல் ஏற்பவரே உண்மையில் மூத்த வீரர்.