விளக்கு வைக்கிற நேரத்துக்கு மணி என்ன?

செஷன்ஸ் கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூண்டில் நிற்பவர் பேசுவார், நீதிபதி அதை வாக்கியமாக்கிச் சொல்வார், நான் அடிப்பேன். குறுக்கு விசாரணை பெரும்பாலும் ஒரே வரியில்தான் முடியும்: ‘நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.’ உண்மை சொன்னவரும் புளுகியவரும் அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியில் யாரை நம்புவது என்பது சுலபம். தேதி, நேரம் பிசகாமல் கடகடவென்று சொன்னால் உண்மை, தடுமாறினால் பொய். கோர்ட்டில் பழகியவர்களுக்கோ கடகடவென்று ஒப்பிப்பவர் மீதுதான் சந்தேகம் வரும். நாலு பேர் ஒரே வார்த்தையில் ஒரே வரிசையில் சொன்னால், யாரோ உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தலை எண்ணுவதைச் சட்டமும் கேட்கவில்லை. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, இத்தனை சாட்சி வேண்டும் என்றில்லை என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலான புதிய சாட்சியச் சட்டமும் அப்படியே. 1957இல் வடிவேலு தேவர் வழக்கில், கொலையுண்டவரின் மனைவி ஒருத்தியின் சாட்சியமே போதும் என்றது உச்ச நீதிமன்றம். முழுக்க நம்பக்கூடியவர், நம்பவே முடியாதவர், இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் என்று சாட்சிகளை மூன்று ரகமாகப் பிரித்ததும் அந்தத் தீர்ப்புதான். நடு ரகத்துக்கு வேறு ஆதாரமும் தேட வேண்டும். நான் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நடு ரகம். அவர்களில் பலரை அங்கே தள்ளியது நம் எழுத்து வேலை.

வயற்காட்டு அம்மா ‘விளக்கு வைக்கிற நேரமுங்க’ என்பார். ‘மணி சொல்லும்மா’ என்று அதட்டுவார்கள். ‘ஆறரை இருக்குமுங்களா?’ என்று அவரே கேட்பார். பதிவில் ‘மாலை 6.30 மணிக்கு’ என்று ஏறும். போலீஸ் வாக்குமூலத்தில் ஏட்டய்யா ஏழு மணி என்று எழுதியிருப்பார். வக்கீல் எழுந்து முரண்பாடு என்பார். அந்த அம்மா இரண்டு இடத்திலும் சொன்னது ஒரே நேரத்தைத்தான்!

நினைவு வீடியோ டேப் அல்ல என்று 1983லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மேல்முறையீட்டுக்குப் போவது காகிதம்தான்; அந்தக் கேள்விக்குறிகூட அதில் இருக்காது. சாட்சி நின்ற விதம், பேசிய விதம் பற்றி நீதிபதி குறிப்பு எழுதலாம். நான் அடித்த கட்டுகளில் அது அபூர்வம்.

சாட்சியத்தை ஒலி, ஒளியாகப் பதிவு செய்யப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அது எல்லாக் கோர்ட்டுக்கும் வந்து சேரும்வரை, சாட்சி சொன்ன சொல்லையே அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு வைக்கிற நேரத்தைக் கடிகார மணியாக்குவதை வக்கீல்கள் தங்கள் வாதத்தில் செய்துகொள்ளட்டும்.